எடை கேட்காத ஓர் அழைப்பு

எடை குறைத்தவர்களோடு போனில் பேசும் இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்திருக்கும். எடை குறைகிற வரைக்கும் ஊரே கை தட்டுகிறது. குறைத்த எடையை அப்படியே வைத்திருப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஆள் நம்மிடம் வந்து சேர்வது அப்போதுதான்.

உங்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டபோது, உணவு முறை, நடை, தூக்கம் இதைப் பற்றியெல்லாம் நான் பேசப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். பயிற்சியில் அதெல்லாம் சொல்லித் தந்துவிடுவார்கள். போனின் அந்தப் பக்கம் ஒருவர் பேசாமல் இருக்கும்போது நாம் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தர முடியாது. அதற்காக ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரோடு உங்களிடம் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். "சொல்லுங்க மேடம், நல்லா சொல்லுங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருந்துவிட்டு இந்தத் தொலைபேசி வேலைக்கு வந்தவள் நான். ராயபுரத்தில் என் வீட்டு மாடி அறைதான் என் அலுவலகம். நான் பேசியவர்கள் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் இருந்தார்கள். ஒரு பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம். ஆனாலும் முக்கால்வாசிப் பேரை நான் பார்த்ததே இல்லை. குரலை வைத்துத்தான் பழக்கம்.

கஸ்தூரி அப்படிப் பழகியவர்தான். திருவொற்றியூரில் வீடு, ஒரு பிள்ளை. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை. கணவர் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டுபவர். லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. கஸ்தூரியின் தம்பி தயாளன் பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். வியாசர்பாடியில் மனைவி சுமதியோடு இருந்தார். அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி டயாலிசிஸில் இருந்தார். சிறுநீரகம் கொடுக்க, குடும்பத்தில் கஸ்தூரியின் ரத்தம்தான் பொருந்தியது. ஆனால் எடை அதிகம், குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று மருத்துவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கஸ்தூரி குறைத்தார். நாள் முழுக்க அண்டா அண்டாவாகச் சமைத்து, ஒவ்வொன்றையும் ருசி பார்த்தாக வேண்டிய வேலையில் இருந்துகொண்டு குறைத்தார். அறுவை சிகிச்சைக்குத் தேதியும் குறித்தார்கள். அந்தச் சமயத்தில் தயாளனுக்கு டயாலிசிஸ் குழாய் போட்ட இடத்தில் கிருமி தொற்றிக் கடுமையான காய்ச்சல் வந்தது. தேதி தள்ளிப்போனது. எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுவரை எடை ஏறக் கூடாது. அந்த நிலையில்தான் கஸ்தூரியை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

முதல் சில மாதங்கள் எந்தச் சிக்கலும் இல்லை. வாராவாரம் எடை மெஷினைப் படம் எடுத்து அனுப்புவார். மதியச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் கூப்பிடுவார். வேலை விட்டு வரும்போது ஷேர் ஆட்டோவிலிருந்து முன்கூட்டியே இறங்கி, கரையோரம் கருங்கல் கொட்டியிருக்கும் பக்கமாக வீடு வரை நடந்து போவார். "லாரி பொகைய துன்னுகினே நடக்கறேன் மேடம், அதுக்கு எத்தினி கலோரி?" என்று கேட்டுச் சிரிப்பார்.

தேதி இரண்டாம் முறை தள்ளிப்போன பிறகு படம் வருவது நின்றது. நான் கூப்பிட்டால், "சத்தமா கீது மேடம், அப்பால பண்றேன்" என்று வைத்துவிடுவார். பிறகு எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

அந்த நேரத்தில் ஒரு புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், நான் தயாளன். கஸ்தூரியோட தம்பி. அக்கா போன்லேந்து உங்க நம்பர எடுத்தேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அக்காவுக்கு வெயிட்டு ஏறிகீதா?"

"தயாளன், அதை நான் சொல்ல முடியாது."

"நான்தான மேடம் ஊசி குத்திகினு படுத்துகினு கீறேன். எனக்குத் தெரிய வேணாமா?"

"தெரியணும்தான். ஆனா அது அவங்க சொல்ல வேண்டியது. நான் சொல்றதில்ல."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. "அப்ப ஏறிகீது. அதான் நீங்க சொல்ல மாட்றீங்க."

"ஏறினாலும் இதே பதில்தான், இறங்கினாலும் இதே பதில்தான். உங்க சம்சாரம் கேட்டாலும், டாக்டரையும் எங்க பொறுப்பாளரையும் தவிர வேற யார் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். உங்களைப் பத்தி யாராவது என்கிட்ட கேட்டாலும் அப்படித்தான்."

அவர் போனை வைத்துவிட்டார். உயிருக்காகக் காத்திருக்கும் மனிதர் ஒரு எண்ணைக் கேட்கிறார், நான் மறுக்கிறேன். கேட்பதற்கு இது கல் நெஞ்சாகத்தான் இருக்கும். இப்படி ஓர் அழைப்பு உங்களுக்கும் வரும். புருஷன் கேட்பார், அம்மா கேட்பாள், எல்லோரும் அக்கறையோடுதான் கேட்பார்கள். ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அந்த ஆள் நம்மிடம் உண்மை பேச மாட்டார். தயாளனுக்கு என்னால் செய்ய முடிந்த ஒரே உதவி, அவருடைய அக்கா நம்பிப் பேச ஒரு ஆளாக நான் இருப்பதுதான்.

எங்கள் பொறுப்பாளர் நல்ல மனிதர். நடந்ததைச் சொன்னேன். "கண்டிப்பா ஒரு மெசேஜ் போடுங்க. அளவு தாண்டினா ஆபரேஷன் கேன்சல் ஆயிடும்னு ஞாபகப்படுத்துங்க. உயிர் விஷயம் மேடம், இப்ப நைசா பேசிக்கிட்டு இருக்க நேரமில்ல" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அது உயிர் விஷயம் என்பதைக் கஸ்தூரி ஒரு நிமிஷமாவது மறந்திருப்பாரா? தூங்கி எழுந்ததிலிருந்து அந்த நினைப்போடு சோறு வடிக்கிற பெண்ணுக்கு அதையே நான் திரும்பவும் சொன்னால், என் போனை எடுக்காமல் இருக்க அவருக்கு இன்னொரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான். மெசேஜ் போட மாட்டேன் என்று சொன்னேன். பிறகு கஸ்தூரிக்கு என் குரலிலேயே பேசி அனுப்பினேன்.

"கஸ்தூரி, நான் உங்க எடையைக் கேக்க மாட்டேன். தம்பியைப் பத்தியும் கேக்க மாட்டேன். உங்களுக்குப் பேசணும்னு இருந்தா கூப்பிடுங்க. மதிய நேரத்தை நான் வேற யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்."

அவர் அதைக் கேட்டுவிட்டார் என்பதற்கு நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. இந்த வேலையில் இதைவிடக் கஷ்டமான நேரம் கிடையாது. இன்னொரு தடவை கூப்பிடலாமா என்று விரல் போனுக்குப் போகும். நான் அந்த மதிய நேரத்தை யாருக்கும் கொடுக்காமல், சும்மா உட்கார்ந்து காத்திருந்தேன். அடுத்த நாளும் காத்திருந்தேன். அதற்கடுத்த நாளும்.

ஒரு மதியம் போன் அடித்தது. பின்னால் அண்டா தேய்க்கும் சத்தம்.

"ஏறிடுச்சு மேடம்."

"சரி."

"சரின்றீங்க?"

"ஏறிடுச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. வேற என்ன சொல்ல?"

அதற்குப் பிறகு அவர் தானாகவே பேச ஆரம்பித்தார். தேதி முதல் முறை தள்ளிப்போனதிலிருந்தே சுமதி தினம் காலையும் சாயங்காலமும் கூப்பிடுகிறாளாம். கணவர் ட்ரெய்லரில் இருந்தபடியே வீடியோவில் தட்டைக் காட்டச் சொல்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரம்மா பிறந்த நாள் கேக்கைத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, "உனக்கு வேணாம்மா, தம்பிக்கோசரம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"வூட்ல இட்லி ரெண்டுக்கு மேல தொட மாட்டேன் மேடம். வேல முடிஞ்சி வர்ற வழியில எறங்கி பரோட்டா துன்றேன். அவசர அவசரமா துன்றேன். ருசி கூட தெர்ல. வாயத் தொடச்சிகினு வூட்டுக்குப் போறேன். திருட்டுப் பய மாரி. நடக்கறத கூட வுட்டுட்டேன்."

"சுமதி கூப்பிட்டு என்ன கேப்பாங்க?"

"இன்னா சாப்டன்னு கேப்பா. முன்னல்லாம் சாப்டியான்னு கேப்பா மேடம். இப்ப இன்னா சாப்டன்னு கேக்கறா. ரெண்டும் ஒண்ணு கெடயாது."

இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு தெளிவாக இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

எனக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. கேட்கலாமா என்று எனக்கே தெரியவில்லை. நான் உணவைப் பற்றிப் பேச அமர்த்தப்பட்டவள். சிறுநீரகம் கொடுப்பதும் கொடுக்காததும் மருத்துவமனையில் பேச வேண்டிய விஷயம். ஆனால் ஒருத்தி வாயால் சொல்ல முடியாததைச் சாப்பிட்டுச் சொல்வதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். கேட்காமல் விட்டால், அவர் அளவைத் தாண்டும் வரை சாப்பிடுவார். மருத்துவர்கள் மறுப்பார்கள். தான் கொன்றுவிட்டதாக அவர் காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்.

"கஸ்தூரி, கொடுக்க வேணாம்னு தோணுதா?"

அண்டா தேய்க்கும் சத்தம் தூரமாகப் போனது. அவர் எழுந்து வேறு எங்கோ நடந்து போகிறார் என்று தெரிந்தது.

"இத்த யாருமே எங்கிட்ட கேக்கல மேடம்" என்றார். "ரத்தம் சேருதுன்னு சொன்ன அன்னைக்கே, அக்கா குடுக்கும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில கேட்டாங்க. அப்ப தம்பி, சுமதி, எங்க ஊட்டுக்காரரு எல்லாரும் வெளியில பெஞ்சுல குந்திகினு கீறாங்க. நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"தோணுதா, இல்லையா?"

"செல நாளு தோணுது. கத்திய நெனச்சா பயமா கீது. அப்பால தம்பி மூஞ்சி வந்துடும்."

நான் அவருக்குத் தெரிய வேண்டியதைச் சொன்னேன். இன்னமும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். அங்கே வேண்டாம் என்றால், காரணத்தை வீட்டாரிடம் சொல்ல மாட்டார்கள், இவர் உடம்புக்கு ஒத்துவராது என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். அதற்காக நீங்கள் எடை ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

"மெய்யாலுமேவா?"

"மெய்யாலுமேதான்."

"கொஞ்ச நாளு குடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பொறுப்பாளரிடம் மறைக்காமல் சொன்னேன். "அந்தம்மா வேணாம்னு சொல்லி, அந்தத் தம்பிக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார்.

"அப்ப அந்த வருத்தத்தை நானும் சுமப்பேன். ஆனா கேக்காம இருந்திருக்க மாட்டேன்."

தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த நாட்களில் என் காதில் தயாளனின் மூச்சுச் சத்தம் ஓயவில்லை. கல்மண்டபம் மார்க்கெட்டில் காய் வாங்கும்போதும் கேட்டது. உங்களுக்கும் இப்படி ஒரு முடிவு வரும், அதன் விலையை வேறு யாரோ கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பயத்தை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்க முடியாது. பயம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எது சரி என்று பார்த்து, அதில் நிற்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கஸ்தூரி கூப்பிட்டார். குரல் கரகரத்திருந்தது. காலையில் வியாசர்பாடிக்குப் போயிருந்தாராம். ஹவுசிங் போர்டு வீட்டில் தம்பியை உட்காரவைத்து, சுமதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினாராம்.

"வேணாம்னு நெனச்சேன்டான்னு சொல்லிட்டேன் மேடம். மூஞ்சியப் பாத்தே சொன்னேன். பரோட்டா துன்னதையும் சொன்னேன். சுமதி அழுதுட்டா."

"தயாளன் என்ன சொன்னார்?"

"கீழ புள்ளைங்க பந்து ஆடற சத்தம் கேட்டுகினே குந்திகினு இருந்தான். அப்பால சொன்னான், 'எனக்கு ஒரு நாளைக்கு எத்தினி டம்ளர் தண்ணின்னு இவ அளந்து குடுக்கறாக்கா. நாக்கு வறண்டு போயி, மூஞ்சி கழுவும்போது ஒரு வாய் முழுங்கினா கூட எட்டிப் பாக்கறா. அது இன்னா பேஜாருன்னு எனக்குத் தெரியும். அதேதான் நான் உனக்குப் பண்ணிகினு இருந்தேன்'னான்."

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே சொன்னார்.

"அப்பால, 'நீ குடுக்காட்டி போ, நான் கிட்னிக்கு லிஸ்ட்ல பேரு குடுத்துட்டு குழாயோட இருந்துட்டுப் போறேன், எத்தினி பேரு இல்ல'ன்னான். சொம்மா சொல்லல மேடம், மனசோடதான் சொன்னான். அப்பத்தான் எனக்குள்ள ஏதோ எறங்கிச்சி. நான் குடுக்கறேன்டான்னேன். ஆனா இன்னமே எவனும் என் தட்டப் பாக்கக் கூடாதுன்னேன். சுமதிகிட்ட, நீ போன் பண்ணு, ஆனா சோத்தப் பத்தி ஒரு வார்த்த கேக்காதன்னு சொல்லிட்டேன்."

"டாக்டரைத் தனியா பார்த்தீங்களா?"

"நாளைக்கிப் போறேன். குடுக்கறேன்னுதான் சொல்லப் போறேன். ஆனாலும் தனியாதான் சொல்லுவேன். பெஞ்சுல எவனும் குந்திகினு இருக்கக் கூடாது."

மறுநாள் போய் அப்படியே செய்தார்.

ஏறிய எடையை இறக்கும் வேலை அதற்குப் பிறகு தொடங்கியது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. படம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவரே சொல்வார். பரோட்டா தின்ன வேண்டும் போல இருந்தால் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போய், உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் மெதுவாகச் சாப்பிடச் சொன்னேன். முதல் முறை அப்படிச் சாப்பிட்ட பிறகு, "பாதிதான் மேடம் எறங்கிச்சி. மீதி புள்ளைக்குக் குடுத்துட்டேன்" என்றார். கரையோரம் மறுபடி நடக்க ஆரம்பித்தார். தேதி இன்னொரு முறையும் தள்ளிப்போனது. நான் பயந்துகொண்டே கூப்பிட்டேன். "தள்ளுனா தள்ளட்டும் மேடம். நான் இங்கதான கீறேன்" என்றார்.

அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு பேரும் பிழைத்து எழுந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எனக்கு முதலில் போன் செய்தது தயாளன்தான். அவர் அதிகம் பேசவில்லை. "அன்னைக்கி நீங்க சொல்லாததுக்கு தேங்ஸ் மேடம்" என்றார்.

எங்கள் பொறுப்பாளர் கஸ்தூரியின் பெயருக்கு எதிரே 'வெற்றி' என்று குறித்து முடித்துவிடலாம் என்றார். முடிக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஒரே சிறுநீரகத்தோடு வாழப் போகிறவருக்கு எடை ஏறினால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு கூடும். வந்தால் அந்த ஒன்றுக்கும் சிரமம். அது ஒரு பக்கம். இத்தனை நாள் தம்பிக்காகக் கட்டிக்காத்த எடையை இனி எதற்காகக் காப்பது? அவரைப் பிடித்து நிறுத்தியிருந்த காரணமே போய்விட்டது. நாம் கவனம் தவறுவது எப்போதும் இந்த இடத்தில்தான்.

நான் நினைத்தபடியே நடந்தது. தழும்பு ஆறிய பிறகு ஒரு நாள் கஸ்தூரி கேட்டார். "தம்பி சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறான் மேடம், நான் வெச்ச கண்ணு வாங்காம பாத்துகினு இருக்கேன். இன்னமே நான் யாருக்கோசரம் எட பாக்கறது?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. உங்கள் சிறுநீரகத்துக்காக, உங்கள் பிள்ளைக்காக என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னொருவருக்காகச் செய்வதை அவர் செய்து முடித்துவிட்டார். இன்னொரு ஆளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நான் ஏன் நிறுத்த வேண்டும்?

"முன்னாடியே இறங்கி நடந்து வருவீங்களே, அது யாருக்காக நடந்தீங்க?" என்று கேட்டேன்.

யோசித்தார். "அது தம்பிக்கில்ல மேடம். கேன்டீன்ல எல்லாம் கஸ்தூரிக்கா கஸ்தூரிக்கான்னு கூப்டுகினே இருப்பாங்க. வூட்டுக்குப் போனா அம்மான்னுவாங்க. நடுவுல அந்தக் கொஞ்ச நேரந்தான் எவனும் கூப்ட மாட்டான். அது என்னுது."

"அதை மட்டும் விடாதீங்க. மத்ததைப் பேசிக்கலாம்."

அவர் விடவில்லை. சில மாதங்களில் எடை ஏறும், இறங்கும். தீபாவளிக்கு ஏறும், சித்திரை வெயிலில் நடை குறையும். ஒவ்வொரு முறையும் எதையும் மறைக்காமல் வந்து சொல்வார், இரண்டு பேரும் சேர்ந்து சரிசெய்வோம். வருஷக்கணக்கில் இப்படித்தான் நடந்தது. வெற்றி என்று ஒரு நாளைக் குறித்துவைக்க முடியாத வேலை இது. மன உறுதி தினமும் புதிதாக வேண்டும், அவருக்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும்.

போன மாதம் ஓய்வு பெறுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இனி உங்களிடம் புதியவர் ஒருவர் பேசுவார், வயது கம்மி, அனுபவமும் கம்மி, ஆனால் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார் என்றேன். வருத்தப்படுவார், வேறு யாரிடமும் பேச மாட்டேன் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"புதுசா?" என்றார் கஸ்தூரி. "பயப்படுமே மேடம், பாவம். நீங்க நிம்மதியா போங்க. நான் பாத்துக்கறேன்."

உங்களில் யாருக்கு அவர் பெயர் வந்திருக்கிறதோ தெரியவில்லை. மதியச் சாப்பாட்டு வேலை முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். அவர் எடுப்பார்.